அய்யாவு கேட்ட எம்சி

முதியவர்களை அளந்து எழுதுவது என் வேலை. இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் பொந்தியான் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் எப்படி மூப்படைகிறார்கள் என்று பார்க்கிறார்கள். கையில் எவ்வளவு பிடி இருக்கிறது, நாலு மீட்டரை எத்தனை வினாடியில் நடக்கிறார்கள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார முடிகிறதா, பத்துச் சொல் சொன்னால் எத்தனை ஞாபகத்தில் நிற்கிறது, தானே சமைத்துக் குளித்துக் கடைக்குப் போய்வர முடிகிறதா. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மார்க்கு வரும். என் வீட்டுக்காரர் தவறிய வருஷம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒரு பிடிக்கருவியையும் நாலு மீட்டர் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன்.

எத்தனையோ பேர் மார்க்கு கூட வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கருவியை நசுக்கியிருக்கிறார்கள். பலமாக இருந்துகொண்டு பலமில்லாததுபோல் நடித்த ஒரே ஆள் பெக்கான் நானாஸ் அய்யாவு அண்ணன்தான். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மிஸ்ஸி, பொய்தான் சொன்னேன், அதுக்கென்ன" என்றார். நான் நர்ஸ் இல்லை, மிஸ்ஸி என்று கூப்பிடாதீர்கள் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கையில் பேனாவோடு வரும் பெண் எல்லாம் அவருக்கு மிஸ்ஸிதான்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்வெட்டு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றாக வேண்டும். காய்ச்சல் என்று வாயால் சொன்னால் வேலை வாங்கும் மண்டோர் கேட்கமாட்டார். தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினால் மறுபேச்சு இல்லாமல் விட்டுவிடுவார். ஒரு தடவை அம்மா நாலு நாள் வீட்டில் படுத்திருந்ததும், அந்த நாலு நாளும் தான் அம்மா பக்கத்திலேயே கிடந்ததும் அந்தச் சீட்டினால்தான் என்று அண்ணன் சொல்வார். டாக்டர் கொடுக்கும் அந்த லீவுச் சீட்டுக்கு எம்சி என்ற பெயர் பின்னால் வந்தது. சீட்டின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை மட்டும் மாறவே இல்லை.

இருபத்தைந்து வயதில் ஆலை பஸ் ஓட்ட வந்தார். பெக்கான் நானாஸில் ஆள் ஏற்றி, பாசிர் கூடாங் ஆலைகளில் இறக்கி, வேலை முடிந்தவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டும். புஷ்பவள்ளி அக்காவும் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போனவர்தான். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. இரண்டு வருஷம் கண்ணாடியில் பார்த்துவிட்டு மூன்றாவது வருஷம் பெண் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா ஊரிலேயே அன்னாசி டின் ஆலையில் சேர்ந்துகொண்டார். அண்ணன் நாலு மணிக்கே பஸ்ஸை எடுக்க வேண்டும். புறப்படும் முன்பு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கலக்கி, ஒரு கோப்பையை அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே சாஸரைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அக்கா ஐந்தரைக்கு எழுந்து அதைக் குடிப்பார்.

அறுபது வயதில் ஆலை பஸ்ஸை விட்டார். ஆனால் ஸ்கூல் பஸ் பிடித்துக்கொண்டது. லீவு நாள் என்றால் கோயில் டிரிப், கல்யாண டிரிப். அறுபத்தெட்டில்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவர்களை முதல் தடவை அளக்கப் போனது அந்த வாரம்தான். இரண்டு பேருக்கும் கல்யாண வீட்டுக் களை. அண்ணனுக்குப் பிடி முப்பத்து நாலு கிலோ. அக்காவுக்கும் குறைவில்லை. அண்ணன் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தபோது அக்கா கைதட்டி எண்ணினார். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அண்ணன் சீட்டில் 'மிக நன்று, பிறர் துணையின்றி வாழக்கூடியவர்' என்று என் கையாலேயே எழுதினேன். அதைக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து மகள் ஷர்மினிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. மகளும் மருமகன் தீபனும் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பத்து நாலு நாள் பந்தாங் பார்த்து, பத்தியச் சோறு ஆக்கிப் போட அக்கா அங்கே போனார். நாற்பத்து நாலு நாள் முடிந்தது, மகளின் பிரசவ லீவும் முடிந்தது. பிள்ளைகளை யாரிடம் விடுவது? அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, ஷர்மினி போனில் அந்தச் சீட்டின் படத்தைக் காட்டினாளாம். "அப்பாவுக்கு என்ன, சர்ட்டிபிகேட்டே இருக்கு." கொஞ்ச நாள் என்பது இரண்டே முக்கால் வருஷம் ஆகிவிட்டது. மாதம் ஒரு தடவை அக்கா காரில் வந்து, வீட்டைக் கூட்டிவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. போன ஏப்ரலில் இரண்டாவது சுற்றுக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வீட்டு முன்தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து புல் செதுக்கிக்கொண்டிருந்த மனிதர், என் பையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். நாலு மீட்டர் நடக்கப் பதினாலு வினாடி. நாற்காலியிலிருந்து இரண்டு தடவை எழுந்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டார். பத்துச் சொல்லில் இரண்டு. பிடிக்கருவியை ஏதோ கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தார். பதினொரு கிலோ.

"சமையல் யாருண்ணே?"

"யாரு இருக்கா? முடிஞ்சா ஆக்குவேன். இல்லன்னா ரொட்டிதான்."

அடுப்பில் புளிக்குழம்பு மணத்தது. சமையல் மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. ஒன்று காலி. இன்னொன்றின் மேல் சாஸர் கவிழ்த்திருந்தது. யார் குடிக்க என்று கேட்டேன். "கை பழக்கம் மிஸ்ஸி. ரெண்டு கோப்பைக்குத்தான் தண்ணி வைக்க வருது. மத்தியானம் கீழ ஊத்திடுவேன்" என்றார். அந்த ஒரு பதிலை மட்டும் நடிக்காமல் சொன்னார்.

கருவி காட்டியதைத்தான் நான் எழுத வேண்டும். 'குறைவு, பிறர் கவனிப்புத் தேவை' என்று எழுதி, கிளினிக்குக்கு ஒரு கடிதமும் வைத்தேன். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கி, தூரத்தில் பிடித்து ஒருமுறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இத காட்டுனா விட்டுருவாங்கல்ல மிஸ்ஸி?"

"யாரண்ணே விடணும்?"

"புஷ்பத்த."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. இது எம்சி இல்லை, இது ஆய்வு, இதில் பொய் சொல்லலாமா என்று பொரிந்து தள்ளினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் குளிர்ப்பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். என் பழைய சீட்டு மஞ்சளாகி அங்கேயே இருந்தது.

"நீங்கதானே எழுதுனீங்க, துணை இல்லாம இருப்பான்னு. நான் கேட்டேனா?"

சரி, அவ்வளவு ஆசையாக இருந்தால் நீங்களே அங்கே போய் இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"பொண்ணு குடுத்த வீட்ல கை நனைக்கிறதுக்கே யோசிக்கணும். அங்க போயி மருமகன் சோத்த தின்னுட்டு படுத்து எந்திரிக்க சொல்றீங்களா?"

முப்பது வருஷத்துக்கு மேல் தினம் ஓட்டிய பாதை அது. எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தப் பாதையில் ஒரு பயணியாகப் போய் மனைவியைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே நான் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டு மறுபடி அளந்திருக்க வேண்டும். செய்யவில்லை. உயிரோடு இருக்கிற இரண்டு பேர் ஒரு பஸ் தூரத்தில் தனித்தனியாகத் தேத்தண்ணி குடிக்கிறார்களே என்று இருந்தது. கொடுத்துவைக்காதவள் நான். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சீட்டாவது அவர்களைச் சேர்த்துவைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவும் என் பட்டியலில் இருப்பவர். அடுத்த வாரம் அவரை அளக்கப் பாசிர் கூடாங் போனேன். நாலாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று மாதம் என்று படிக்கட்டில் ஒருவர் சொன்னார். நான் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்த அக்காவின் இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. எனக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. மூன்று வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

அளந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன எண் என்று இங்கேயும் எழுதமாட்டேன், ஒருவர் அளவை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கருவியைப் பிடித்து முடித்ததும் அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "புள்ளைங்கள தூக்கித் தூக்கி மரத்துப்போச்சு. தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டாய்ல கூட ரெண்டு ஆயா இருப்பாங்க" என்று சிரித்தார். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: செய்ய ஆசைப்பட்டு, செய்ய முடியாமல் இருப்பது ஏதாவது உண்டா? சிலர் காசி என்பார்கள். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். அக்கா பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே யோசித்தார்.

"அவரு போடுற தேத்தண்ணிய சூடா குடிக்கணும். கல்யாணம் ஆனதுலேருந்து ஆறிப்போனதத்தான் குடிச்சிருக்கேன். சாவிய குடுத்துட்டாரு, இனிமே ஒண்ணா உக்காந்து குடிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இதுங்க வந்துருச்சுங்க."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினேன்.

அப்போது நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஷர்மினி எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பா அனுப்பிய புதுச் சீட்டின் படம் அவள் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஆன்டி, அப்பாவுக்கு இவ்வளவு மோசமாயிருச்சா? பொந்தியான்ல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். நல்லா கவனிச்சுக்குவாங்களாம். அம்மாவ அனுப்பிட்டா நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலைய விடணும். இங்க வாங்கப்பான்னு எத்தன தடவ கெஞ்சிட்டேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்காரு. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

அவள் அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எம்சி கொடுத்தால் அம்மா பக்கத்தில் கிடக்கலாம் என்று ஒரு பையன் என்றைக்கோ கற்றுக்கொண்டது, இந்த வயதில் அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தது. அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. நாலு மாடியும் எங்கேயும் நிற்காமல் இறங்கினேன்.

நல்லவேளை, அலுவலகத்திலேயே அண்ணனின் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்து நாலு கிலோ பிடி பதினொன்றாக விழ வாய்ப்பில்லை, மறுபடி அளந்து வரவும் என்று குறிப்பு. அன்று மத்தியானமே பெக்கான் நானாஸ் ஓடினேன். அண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் வந்து பேசப்போகிறாள், அக்கா வரப்போகிறார் என்ற நினைப்பு.

"ஷர்மினி ஹோம் பாத்து வெச்சிருக்கு உங்களுக்கு" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார். அவ என்றால் அக்கா.

"அவங்க சொன்னத நான் சொல்லக்கூடாது."

"மார்க்கு?"

"அதுவும் சொல்லக்கூடாது."

"போன தடவைக்கு கூடவா, கொறச்சலா? அதயாவது சொல்லுங்க."

நான் பையைத் திறந்து கருவியை எடுத்து மேசையில் வைத்தேன். "நாலு மாடி. லிஃப்ட் இல்ல. இடுப்புல ஒண்ணு, கால்ல ஒண்ணு. எத்தன தடவ ஏறி எறங்குறாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அங்க பலம் இல்லாதவங்க தூக்கிக்கிட்டு இருக்காங்க, இங்க பலம் உள்ளவரு கோழிக்குஞ்சு புடிக்கிறாரு!"

சொல்லியிருக்கக் கூடாது. விதியை மீறிவிட்டேன் என்று இன்றைக்கும் தெரியும். அண்ணன் கருவியை எடுத்தார். நரம்பு புடைக்க அழுத்தினார், முள் முப்பத்து மூன்றில் போய் நின்றது. விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். போதும் அண்ணே என்று நான்தான் விரலைப் பிரித்து வாங்கினேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எழுதிக்குங்க" என்றார். "மருமகன் வீட்ல நான் தங்க முடியாது. ஆனா வேலைக்குப் போலாம்ல? ஷிஃப்ட்டுக்குப் போனா அங்கயா படுக்குறோம்?"

மறுநாளிலிருந்து அப்படித்தான். இருட்டோடு முதல் பஸ், லார்க்கின் பஸ் நிலையத்தில் மாறி இன்னொரு பஸ். ஆலை பஸ் காலத்து நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு நாலாவது மாடியில் நிற்கிறார். பிள்ளைகளைத் தூக்குவது, இறக்குவது, கடைக்குப் போவது எல்லாம் அவர். அக்கா அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மத்தியானச் சோறு டிபன் கேரியரில் வீட்டிலிருந்தே போகிறது. மருமகன் வீட்டில் கை நனைக்கவில்லை அல்லவா! தீபன் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். அப்பா ஒரு கையில் ஒரு பிள்ளையாக நாலு மாடி ஏறியதைப் பார்த்த அன்றைக்கே ஷர்மினி ஹோமுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆறு மணியானால் அண்ணன் புறப்பட்டுவிடுவார். பஸ் திரும்பி மறையும்வரை அக்கா மாடி நடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். ஷர்மினிதான் சொன்னாள். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்க என்று அக்கா கேட்பதில்லை. அவரும் இருக்கட்டுமா என்று கேட்பதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த பெண்ணை விட்டுவிட்டுத் தினம் ஒரு தடவை படி இறங்குவது எப்படி இருக்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அவர் புது மார்க்கு நன்றாகத்தான் வந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் இருந்தது. முதல் நாள் ஷிஃப்ட் அன்று காலை எட்டேகாலுக்கு அதற்காகத்தான் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரே கேள்வி. தனியா இருக்கீங்களா, துணையோட இருக்கீங்களா?"

பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. "எட்டு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் துணையோட. அப்புறம் தனியா. அது எந்தக் கட்டத்துல வரும்?"

"அப்படி ஒரு கட்டம் இல்லண்ணே."

"அப்ப நீங்களே ஒண்ணு போட்டுக்குங்கலா. இருங்க மிஸ்ஸி, தேத்தண்ணி பொங்குது. தேத்தூள், சீனி, இஞ்சி எல்லாம் என் வீட்டுதுதான், ஆமா."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வைத்திருக்கலாம் நான். வைக்கவில்லை. இஞ்சி தட்டும் சத்தம், கரண்டிச் சத்தம். கோப்பையை யாரோ யாருக்கோ நகர்த்தினார்கள்.

"ஸ்ஸ்... அம்மா!"

"என்னா புஷ்பம்?"

"நாக்கு சுட்டுருச்சுங்க."

"ஊதிக் குடிக்கக்கூடாது?"

"எனக்கு எங்க ஊதிப் பழக்கம்?"

அப்புறம் அக்கா சிரிப்பது கேட்டது. அண்ணனும் சிரித்தார், ஆனால் அது சிரிப்பு மாதிரி முடியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.